நான் அளக்காத கிணறு

அன்பு மகளுக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினால் இருபது நிமிடத்தில் இங்கே வந்து நிற்பாய். போன் செய்தால் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவாய். அப்படியிருக்க, மோட்டார் கடை நோட்டில் பார்ட்டி பெயரும் குதிரைசக்தியும் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத உன் அத்தா எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுப் படி. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம். திங்கட்கிழமை கூட்டத்தில் நம் நகரின் மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு, இனி வெள்ள பயமில்லை என்று பச்சை அட்டை கொடுக்கப் போகிறாய். கொடுக்காதே. அந்தத் தெருவின் கிணற்றளவுகளை ஞாயிறு தவறாமல் உனக்கு அனுப்பியவன் நான். ஏறக்குறைய ஒன்றரை வருடமாக அந்தக் கிணற்றை நான் அளக்கவே இல்லை.

இதை உன் வீட்டுக்காரர் படிக்கட்டும், உன் அலுவலகத்தில் படிக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் போடு. மறைத்து வைத்து நான் பட்டது போதும். ஆனால் முதலில் நீ படித்துவிடு. ஏனென்றால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. அது நீ பிளஸ் டூ படித்த வருடத்து விஷயம். உன் அம்மாவிடம்கூட நேற்று வரை நான் சொன்னதில்லை.

முப்பது வருடமாக முடிச்சூர் ரோட்டில் மோட்டார் கடை வைத்திருந்தவன் நான். இந்தப் பக்கத்துக் கிணறுகள் எனக்கு ஆட்களைப் போலப் பழக்கம். எல்லாம் சிமென்ட் உறை இறக்கிய கிணறுகள். உறை ஒன்று ஓரடி. மேலிருந்து எட்டிப் பார்த்து, எத்தனை உறை காலி என்று எண்ணினால் போதும், எந்த மாதம், எத்தனை நாள் தண்ணீர் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். ஜனங்களும் அதை நம்பினார்கள். "பாய் சொன்னா சரியா இருக்கும்" என்று கேட்டுக் கேட்டு எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. நம்பிக்கை வைக்கிறவர்கள் நம்மை எப்படிக் கெடுக்கிறார்கள் என்பது கெட்ட பிறகுதான் தெரிகிறது.

சரோஜா டீச்சரை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்குக் கணக்கு வந்ததே அவர் வீட்டுக் கூடத்தில்தான். மூன்றாம் குறுக்குத் தெருவில் கடைசிக்கு முந்திய வீடு, பின்கட்டில் கிணறு, தனி ஆள். அந்தப் பெருவெள்ளத்துக்கு முந்தின பகலில் மழைக்கோட்டோடு நான் அவர் மோட்டாரைக் கழற்றி மேலே வைக்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு பை கட்டி வைத்திருந்தார். "பாய், தம்பி வீட்டுக்குப் பெருங்களத்தூர் போயிடலாமான்னு யோசிக்கிறேன். இங்க தண்ணி வருமா?" என்று கேட்டார். நான் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மூன்று உறை காலி. திரும்பி வந்து, "வராது டீச்சர். மூணு உறை காலி கிடக்கு. இந்த மழையில பஸ் ஏறி எங்க அலையப் போறீங்க? நிம்மதியா இருங்க" என்றேன். அவர் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம் என்று நான் கேலி செய்தேன். தண்ணீர் கிணற்றிலிருந்து வரும் என்று நினைத்தவன் நான். அது ஆற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் தெரு வழியாக வந்தது.

மறுநாள் காலை கோவளம் பக்கத்திலிருந்து மீனவர்கள் லாரியில் படகைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வழி காட்ட ஒரு படகில் நான் ஏறிக்கொண்டேன். டீச்சர் வீட்டு ஜன்னலின் மேல் பாதிதான் தெரிந்தது. படகுக்காரர் துடுப்பால் ஜன்னல் கம்பியைத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ளேர்ந்து திருப்பித் தட்றாங்க பாய். மூணு தட்டு. ஆள் உசுரோட கீது" என்றார். எனக்கு உயிர் வந்தது. நாலு பேர் சேர்ந்து கதவை உடைத்துப் போனோம். மரக்கட்டில் மிதந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. கட்டில் முட்டிய சத்தம்தான் என்று நான் சொன்னேன். படகுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டில் கண்டபடி தட்டும் பாய். இது எண்ணித் தட்னாப்பல இருந்துச்சு" என்றார். அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அந்தச் சொல் என்னோடு தங்கிவிட்டது.

நீ மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாய். "டீச்சர் ஏன் அத்தா கிளம்பல? யாராவது சொல்லியிருந்தா கிளம்பியிருப்பாங்களே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் சோற்றுத் தட்டை உன் பக்கம் நகர்த்தி வைத்தேன். பிறகு படித்தாய், சிறுசேரியில் வேலைக்குப் போனாய், நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாய். உறவுக்காரர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டபோது நீ சொன்ன காரணம் டீச்சர். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் வாழ்க்கை திரும்பிய இடத்தில் நான் நின்றிருந்தேன். என்னை நீ பார்க்கவில்லை.

போன வருடம் தை மாதம் சமுதாயக்கூடத்தில் நீ நடத்திய முதல் வகுப்பு நினைவிருக்கிறதா? குடியிருப்போர் சங்கத்தார், நம் ஜமாஅத்தில் இரண்டு பேர், மகளிர் குழுக்காரர்கள், ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் எல்லோரும் வந்திருந்தார்கள். பருவநிலை மாற்றத் தகவமைப்பு என்று நீ சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். உடனே நீ பேச்சை மாற்றினாய். "வடிகால் கட்டியாச்சுன்னு ஃபைல்ல எழுதிடுவாங்க. அது வேலை செய்யுதான்னு அந்தத் தெருவுல குடியிருக்கிறவங்கதான் சொல்ல முடியும். நீங்க சொல்லுங்க, நாங்க எழுதறோம்" என்றாய். டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தெருவுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு ஆள், ஞாயிறு காலை எட்டு மணிக்கு அளவு. கடைசியில் மேஜையைத் தட்டிச் சொன்னாய்: "போக முடியலன்னா கட்டத்தைக் காலியா விடுங்க. கற்பனையா மட்டும் எழுதாதீங்க." நான் முன்வரிசையில் உட்கார்ந்து, பார்த்தீர்களா என் மகளை என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். டீச்சரின் தம்பி வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம்தான் கொடுத்திருந்தார். மாட்டேன் என்று சொல்ல நான் என்ன காரணம் சொல்வேன்? சரி என்றேன்.

முதல் ஞாயிறு கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனபோதே சுவரைக் கவனித்தேன். வெள்ளம் நின்ற கோடு. தம்பி இரண்டு தடவை பெயின்ட் அடித்திருந்தார். அதையும் மீறி மங்கலாகத் தெரிந்தது. உப்பு பூத்த சுவர் அப்படித்தான் காட்டும், எனக்குத் தெரியும். டேப்பின் நுனியில் இரும்பு நட்டைக் கட்டி இறக்கினேன். ஒன்பது உறை காலி. எழுதி அனுப்பினேன், நீ கட்டைவிரல் படம் போட்டாய். நான்கு வாரம் ஒழுங்காகப் போனது. மாசி பிறந்தது, மழை என்ற பேச்சே இல்லை. மற்றத் தெருக்காரர்கள் எல்லோரும் கிணறு இறங்குகிறது என்று எழுதினார்கள். என் கிணறு ஏறியது. எட்டு உறை. அடுத்த வாரம் ஏழரை. பங்குனி வெயிலில் ஆறு. எண்ணுவதில் தவறோ என்று மூன்று தடவை எண்ணினேன். அனுப்பும்போது எட்டரை என்று எழுதினேன். அதுதான் முதல் பொய். கேலி செய்வார்களே என்றுதான் அப்போது நினைத்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. நல்ல வெயில், தெருவில் கறிவேப்பிலை விற்கிறவரின் குரல். உள்ளே நுழைந்ததும் சுவர்க்கோட்டைப் பார்த்தேன். வெள்ளத்தன்று அது என் மார்பு உயரம், நான் அந்த வீட்டுக்குள் நின்றவன், மறக்க முடியாது. இப்போது அது என் தோளுக்கு வந்திருந்தது. பின்கட்டுக்குப் போய்க் கம்பிவலையை நகர்த்தி டேப்பை இறக்கினேன். நட்டு தண்ணீரைத் தொட்டால் டேப் தளர வேண்டும். தளரவில்லை. லேசாக இழுத்தது. நான் குனிந்தேன். கீழிருந்து தட்டும் சத்தம் வந்தது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. டேப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். கேட்டைப் பூட்டும்போது சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

இறந்தவர் திரும்பி வருவதில்லை, அவர்கள் கணக்கு அல்லாஹ்விடம் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அந்த நம்பிக்கையில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியவில்லை. தெரு முனை வரை போவேன், திரும்பிவிடுவேன். பிறகு அதுவும் இல்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நல்ல கிணறு இந்த மாதம் எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்து எழுதி அனுப்புவேன். முப்பது வருட அனுபவமாயிற்றே, அச்சாக வந்தது. கோடையில் மெல்ல இறங்கியது. மழை பெய்தால் இரண்டு உறை ஏறியது, மூன்றாம் நாள் வடிந்தது. போன வருட மழையும் பேருக்குத்தான் பெய்தது, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. உன் அம்மா காபியோடு வந்து, "இன்னைக்கு அளக்கப் போகலயா?" என்று கேட்டால், "போய்ட்டு வந்துட்டேன்" என்பேன்.

அப்புறம் நீ சமுதாயக்கூடத்துத் திரையில் எட்டுத் தெருவின் கோடுகளையும் போட்டுக் காட்டிய நாள். மற்றவர்களின் கோடெல்லாம் கோணலும் மாணலுமாக இருந்தது. மீன் குத்தகைக்காரரின் கட்டங்கள் பாதி காலி. "கரண்ட் இல்ல, காய்ச்சல், போவல" என்று அவர் ஒவ்வொன்றுக்கும் எழுந்து காரணம் சொல்ல, கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் கோடு மட்டும் வளைவு பிசகாமல் அழகாக இறங்கி ஏறி இறங்கியது. "வடிகால் வேலை செஞ்சா கிணறு இப்படித்தான் காட்டும். மூணாம் குறுக்குத் தெரு நமக்கு முன்மாதிரி" என்று சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். உன் கண்ணில் தெரிந்த பெருமையைப் பார்த்தபோது, எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் காலை ஊன்றினேன். பக்கத்தில் இருந்தவர் குலுக்கக் கையை நீட்டினார். கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பச்சைக்குப் பரிந்துரை என்று உன் வரைவு அறிக்கை சங்கத்துக்கு வந்ததும் நடந்தவை இவை. தெரு முனையில் நிற்கும் டீசல் பம்ப்பையும் சமுதாயக்கூடத்து ரப்பர் படகையும் வேறு நகருக்கு மாற்றலாம் என்று முடிவு செய்தார்கள். மழைக்கு முன் ஆட்களை வெளியேற்ற வேண்டிய வீடுகளின் பட்டியலிலிருந்து அந்தத் தெருவை அடித்துவிட்டார்கள். உன் கையெழுத்துக்குத்தான் எல்லாம் காத்திருக்கிறது. டீச்சரின் தம்பி எனக்குப் போன் செய்தார். "பாய், உங்க பொண்ணு ரிப்போர்ட்ல பச்சைன்னு போட்டிருக்காங்களாமே. அளந்ததும் நீங்கதானாம். வீட்ட வாடகைக்கு விடலாமா? இனிமே பயமில்லயே?" என்றார். பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? அவர் இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி "பாய்?" என்று கேட்கும் வரை நேரம் இருந்தது. "பயமில்ல சார்" என்றேன். அவர் அக்கா செத்ததே என் சொல்லை நம்பித்தான் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. சாவியை ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். ஆனி மாதம் ரேவதி என்ற பெண்ணும், சிறுசேரியில் கம்பெனி வண்டி ஓட்டும் அவள் கணவரும், நாலு வயது யாழினியும் குடி வந்தார்கள்.

போன வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ரேவதி நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மோட்டார் ட்ரிப் ஆகிறதாம். "நீங்க கடைய மூடிட்டீங்கன்னு தெரியும் பாய். ஆனா இந்தக் கிணத்தப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. தண்ணிக்குக் கஷ்டமே இல்ல, பக்கெட்ட கையால விட்டே மொண்டுக்கலாம். ஆனா..." என்று நிறுத்தினாள். "ஆனா என்னம்மா?" "பாப்பா அது கூட விளையாடுறா பாய். தட்டி தட்டி." அவளிடம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பத்தான் வாயெடுத்தேன். பக்கெட்டைக் கையால் விட்டு மொள்வதா என்று அப்புறம்தான் உறைத்தது. ஆவணி மாதம், மழை இல்லை, அந்தக் கிணற்றில் கையால் மொள்ளத் தண்ணீர். செருப்பைப் போடக்கூட மறந்து அவள் பின்னால் நடந்தேன்.

யாழினி கிணற்றின் சுற்றுச்சுவர் ஓரம் முக்காலியில் உட்கார்ந்து, கையில் எவர்சில்வர் கரண்டி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் செய்து காட்டும் ஆசையோடு சுவரில் மூன்று தடவை தட்டினாள். கீழிருந்து மூன்று தட்டு வந்தது. ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கம்பிவலைக்கு மேல் குனிந்தேன். இரண்டு உறைதான் காலி. தண்ணீர் கறுப்பாக, அசையாமல், என் முகத்தை எனக்கே காட்டியது. சிமென்டும் சாக்கடையும் கலந்த நாற்றம். பின்வாசல் வழியாகக் கூடத்துச் சுவர்க்கோட்டைத் திரும்பிப் பார்த்தேன். கோடு என்று தனியாக எதுவும் இல்லை. அது ஜன்னலுக்கு மேல் வரை ஏறி, சுவர் முழுக்க ஒரே ஈரமாக இருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் குழந்தையின் படுக்கை விரித்திருந்தது.

பயம் உச்சத்துக்குப் போனதும் என் கை தானாகப் பழைய வேலையைச் செய்தது. மோட்டார் பேரிங் கெட்டிருக்கிறதா என்று பார்க்க நான் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வேனே, சின்ன வயதில் நீயும் அடம்பிடித்துக் கேட்பாயே, அதேபோல் கிணற்று உறையில் வைத்துக் கேட்டேன். சத்தம் அடியிலிருந்து வரவில்லை, பக்கவாட்டிலிருந்து வந்தது. தெருவுக்குப் போய் வடிகால் மூடியின் மேல் மண்டியிட்டு வைத்துக் கேட்டேன். உள்ளே தண்ணீர் நின்றுகொண்டு சளக் சளக்கென்று ஆடியது. மழையில்லாத மாதத்தில் மழைநீர் வடிகால் நிறைந்து கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம், தெருவில் மண்டியிட்டுக் கிடக்கும் பாயை வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும், நாலாம் குறுக்குத் தெருவை அளக்கும் மகளிர் குழுக் கீதாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். "இன்னா பாய், மூஞ்சே செரியில்ல? எதையோ பாத்து பயந்துகினவராட்டம் கீறீங்க" என்றாள். வடிகாலின் போக்கிலேயே அவளை அழைத்துப் போனேன். தெரு தாண்டி, புதிய அடுக்குமாடியின் மதிலுக்குப் பின்னால், கருவேல முள்ளுக்கு நடுவில் அது முடிந்தது. கால்வாயோடு சேரவே இல்லை. கடைசிப் பத்து அடி கட்டாமல் செங்கல்லை வைத்து அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீடுகளிலிருந்து விடுகிற கழிவுநீரும் பெய்த மழையும் சேர்ந்து போக வழியில்லாமல், வடிகாலின் அடி விரிசல் வழியாக மண்ணுக்குள் இறங்கி, தாழ்வாக இருக்கும் டீச்சர் வீட்டின் அடியில் போய்த் தேங்கியிருக்கிறது. தெருவுக்குள் வந்து வடிகால் மூடியை நெம்பிப் பார்த்தோம். ஒப்பந்ததாரர் ஆட்கள் எடுக்காமல் விட்டுப்போன, கான்கிரீட் போட அடிக்கும் சென்ட்ரிங் பலகை ஒன்று தண்ணீரில் மிதந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கீதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அட பாவிங்களா, ஒரு நல்ல மழ பெஞ்சா மூணாந்தெரு கீழேர்ந்தே ரொம்பிடுமே. நாம பச்சன்னு சொல்லிகினு கீறோம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்க நம்பர்ல தண்ணி எறங்கிகினே இருந்துச்சே பாய்?" அளக்கவே இல்லை என்று நான் சொன்னேன். அவள் "பொண்ணுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பலகைதான் தட்டியது, நான் பேய் என்று ஓடினேன் என்று இதை முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை. கீதா அந்தப் பலகையை வெளியே இழுத்துப் போட்ட பிறகு இருவரும் டீச்சர் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். யாழினி மூன்று தட்டினாள். பதில் வந்தது. கீதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு பலகை இருக்கலாம். இருக்கும். எனக்குத் தெரியாது என்பதை முதல் தடவையாக உனக்கு எழுதுகிறேன். ஆனால் ஒன்று தெரியும்: அது பலகையோ வேறெதுவோ, போன வருடச் சித்திரையிலிருந்து அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மை. தண்ணீர் ஏறுகிறது என்ற உண்மை. டீச்சரே நின்று தட்டியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். குற்றமுள்ள நெஞ்சு எனக்கு, அதனால் அது என்னைக் கூப்பிடுகிறது என்று நினைத்து ஓடினேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் உன் வேலை இனியும் என்னைப் போன்ற ஆட்களை நம்பித்தான் நடக்க வேண்டும், அதனால் சொல்கிறேன். ஒரு கிணற்றுக்கு ஒரு ஆள் என்று விடாதே. மாதம் ஒரு முறையாவது தெரு மாற்றிவிடு. சாவி வைத்திருக்கிறவனை விட அந்தத் தண்ணீரைப் புழங்குகிறவளைக் கேள். ரேவதிக்கு உறை எண்ணத் தெரியாது, ஆனாலும் பக்கெட்டுக்குக் கயிறு வேண்டாமென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோடு ரொம்ப அழகாக வந்தால் சந்தேகப்படு. கட்டத்தைக் காலியாக விட்டவருக்கு ஒரு தடவையாவது கூட்டத்தில் கை தட்டச் சொல். அன்றைக்கு அந்தக் கூடத்தில் யோக்கியமாக எழுதியவர் மீன் குத்தகைக்காரர்தான். இன்னும் ஒன்று, இதைக் கேட்டு நீ சிரிக்கக்கூடாது. உன் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்துக்கொள்: எந்த இடத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது? பேய் என்பார்கள், காற்று கருப்பு என்பார்கள், எழுதிக்கொள். பிறகு நாலு பேராகப் போய் அங்கே அளந்து பார். ஜனங்கள் ஓர் இடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டால் அங்கே நடப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

நேற்று மாலையே ரேவதி குடும்பத்தை நம் வீட்டு மாடிக்கு அழைத்து வந்துவிட்டேன். அவள் கணவர் முதலில் வர மறுத்தார். "பச்சைன்னு போட்டிருக்கே சார்" என்று போனில் உன் அறிக்கையைத் திறந்து என்னிடமே காட்டினார். "அது நான் எழுதின பொய், தம்பி" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்த்தது நல்லதாயிற்று, வாய் பழகியது. உன் அம்மாவிடம் டீச்சர் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் போய் உன் அறையைப் பெருக்கி, அலமாரியில் அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். இன்னும் என்னோடு பேசவில்லை. நாளைக் காலை கீதா இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டு வருவாள். அதே நேரம் நான் பெருங்களத்தூரில் டீச்சரின் தம்பி வீட்டு வாசலில் இருப்பேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு வருவேன்.

இதைப் படித்ததும் உனக்கு என்னைக் காப்பாற்றத் தோன்றும். கருவி பழுது, பதிவில் பிழை என்று எதையாவது எழுதித் தெருவை மஞ்சளுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்யாதே ம்மா. அப்படிச் செய்தால் நாளை வேறொருவன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவான், அவனையும் யாராவது காப்பாற்றுவார்கள். நேற்று டீச்சர் கிணற்றில் கீதா அளந்த உண்மையான அளவு இந்தக் கடித உறைக்குள் இருக்கிறது. அதைத் திரையில் போடு, என் கோட்டையும் பக்கத்தில் போடு. உன் பெயர் கெடும், எனக்குத் தெரியும். அதைச் செய்தவன் நான்தான். திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் பின்வரிசையில் இருப்பேன். மற்றவர்களைக் கூப்பிடுவதுபோல என்னையும் தெருப் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிடு, எழுந்து வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே. அப்படிக் கூப்பிட்டால் என்னால் எழுந்திருக்க முடியாது.